பஞ்சுக்கை

அந்தத் தெருவில் மூன்று சலூன்கள். மற்ற இரண்டிலும் நாற்காலி காலியாகக் கிடக்கும். ஜனங்கள் இந்த மூன்றாவது கடையின் பெஞ்சில் போய் உட்கார்ந்து, பழைய பேப்பரைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டு தங்கள் முறைக்காகக் காத்திருப்பார்கள். எல்லாம் அந்தச் சலூன்காரரின் கைக்காகத்தான். அவர் தொடுவதே தெரியாது. இரண்டு விரலால் முகவாயை லேசாகத் தொடுவார், தலை தானாகத் திரும்பிக்கொள்ளும். வெட்டாத நேரத்திலும் கத்திரி காற்றில் டிக் டிக்கென்று தாளம் போட்டுக்கொண்டிருக்கும். பாதி வெட்டில் குறட்டை விட்டவர்கள் ஏராளம். யாரோ ஒரு புண்ணியவான் 'பஞ்சுக்கை' என்று பெயர் வைக்க, அது ஒட்டிக்கொண்டது. முப்பது வருடமாக அந்தப் பெயருக்குப் பங்கம் வராமல் பார்த்துக்கொண்டார். கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு, சும்மா சொல்லக் கூடாது.

அப்பேர்ப்பட்ட மனிதரால் ஒரே ஒரு தலையைத் தொட முடியவில்லை. அது அவர் பெற்ற மகளின் தலை.

பதினைந்து வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். நாலு வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். பேச்சு குறைவு, இருக்கிற பேச்சிலும் முக்கால்வாசி அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்டில் பதிவுக் குரலாகப் பேசும் அம்மாளுடையது. யாராவது ரொம்ப நெருங்கி வந்தால், "தயவுசெய்து கதவிலிருந்து விலகி நிற்கவும்" என்பாள், அட்சரம் பிசகாமல், அதே இழுவையோடு. அதைக் கேட்ட பிறகும் ஒருவர் பக்கத்தில் நின்றால் தப்பு அவர் மேல்தான். ஆனால் சொந்தக்காரர்களுக்கு இது எங்கே புரிகிறது. கன்னத்தைக் கிள்ளப் போவார்கள், அலறலை வாங்கிக்கொண்டு வருவார்கள்.

அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது மூன்று பேர் பிடித்துக்கொள்ள, அப்பாவே முடி வெட்டினார். அன்றைக்கு அவள் போட்ட சத்தம் அவர் காதை விட்டு இன்னும் போகவில்லை. அதன் பிறகு கடைக் கத்திரியை வீட்டுப் பக்கமே கொண்டுவரவில்லை. குளிக்கிறபோது அவளே தண்ணீர் ஊற்றிக்கொள்வாள், அவளே துவட்டிக்கொள்வாள். சீப்பைக் கண்டால் ஓட்டம். முடி தன் இஷ்டத்துக்கு வளர்ந்து, வலது காதுக்குப் பின்னால் சிக்கேறி, கம்பளித் துண்டு போலக் கட்டியாகிவிட்டது. ஒரு வியாழக்கிழமை தலையணையில் ஈரமாக எதுவோ ஒட்டியிருந்தது. கட்டிக்கு அடியில் புண்.

டாக்டர் தூரத்திலிருந்தே எட்டிப் பார்த்தார். கிட்டே போகத்தான் விடவில்லையே. "மருந்து போடணும்னா அந்தக் கட்டிய எடுத்தாகணும். திங்கக்கிழமை காலைல ஒம்பது மணிக்குக் கூட்டிட்டு வாங்க. மயக்கம் குடுத்து மொத்தமா வழிச்சிரலாம்" என்றார். பிறகு காகிதத்தில் எழுதிக்கொண்டே, "நீங்க என்ன தொழில் பண்றீங்க?" என்று கேட்டார்.

சலூன்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "கடை வச்சிருக்கார்" என்று மனைவிதான் சொன்னாள். என்ன கடை என்று அவளும் சொல்லவில்லை.

மயக்கம் கொடுத்தால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பல்லை எடுப்பதற்காக அப்படிச் செய்தார்கள். தூங்கப் போனவள் விழித்தபோது வாயில் ஒரு பல் இல்லை, நாக்கு மரத்திருந்தது, உடம்பில் வேறு சட்டை. கேட்காமல் கொள்ளாமல் தன்னிடமிருந்து எதையோ எடுத்துவிட்டார்கள் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு தூங்கவே பயந்தாள். ஐந்து மாதம் ஒரு சொல் பேசவில்லை; லிஃப்ட் அம்மாள்கூட வாயைத் திறக்கவில்லை. பாடுபட்டுச் சேர்த்த சொற்களில் சில திரும்பி வரவே இல்லை. இன்னொரு முறை அந்த இருட்டுக்குள் அனுப்பினால் எதை விட்டுவிட்டு வருவாளோ. திங்கட்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நாலு வாரத்துக்கு ஒரு வெள்ளி, பத்து மணி பத்து நிமிடத்துக்கு, தராசு சார் வருவார். கடைகளில் தராசு ஒழுங்காக நிற்கிறதா என்று எடைக்கல் வைத்துச் சோதிக்கிற அதிகாரி. நாற்காலியில் உட்கார்ந்ததும் நாலு வாக்கியம் சொல்வார். பத்து வருடமாக அதே நாலு, அதே வரிசை. "தொடறதுக்கு முன்னாடி சொல்லுங்க. தொட்டா நல்லா அழுத்தித் தொடுங்க. கத்திரிய காத்துல தட்டாதீங்க. ரேடியோ வேண்டாம்." சலூன்காரரும் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே செய்வார். ஆள் போனதும் பெஞ்சைப் பார்த்து, "இவருக்கு முடி வெட்டணுமா, மாவு பிசையணுமா? என் கை அருமை தெரியாத ஒரே ஆளு. திமிரு" என்பார். பெஞ்சு சிரிக்கும்.

அன்றைக்கு நாலு வாக்கியமும் காதில் விழுந்தன, மனதில் ஏறவில்லை. மனசெல்லாம் திங்கட்கிழமையில். பழக்க தோஷத்தில் கத்திரி காற்றில் டிக் டிக்கென்றது. இரண்டு விரல்கள் தராசு சாரின் பிடரியை, அந்தப் புகழ்பெற்ற பஞ்சுத் தொடுகையால், மெல்லத் தொட்டன.

மனிதர் துள்ளி எழுந்தார். போர்த்திய துணி விழுந்தது, தண்ணீர் பாட்டில் உருண்டது. கடை மூலைக்குப் போய் நின்றுகொண்டார். இரண்டு உள்ளங்கையும் உச்சந்தலையில், முழங்கைகள் முன்னால், கண் தரையில். சலூன்காரர் கத்திரியைக் கீழே வைத்தார். இந்த நிற்பு அவருக்குத் தெரியும். தினமும் வீட்டில் பார்க்கிற நிற்பு இது.

"மன்னிக்கணும் சார். ஞாபகம் இல்லாம…"

"கொஞ்சம் இருங்க" என்றார் தராசு சார். சுவர்க் கடிகாரம் இரண்டு நிமிடம் நகர்ந்த பிறகு வந்து உட்கார்ந்தார். "சரி. வெட்டுங்க."

"சார், ஒண்ணு கேக்கலாமா? நான் தொட்டது வலிச்சுதா?"

"வலிச்சுது."

"நான் லேசாத்தானே தொட்டேன்."

"அதனாலதான்." கண்ணாடியைப் பார்க்காமல், மடியில் இருந்த கைகளைப் பார்த்தபடி பேசினார். "லேசாத் தொட்டா அது எங்க ஆரம்பிக்குது எங்க முடியுதுன்னு எனக்குத் தெரியாது. தோல் மேல நெருப்பு ஓடுற மாதிரி இருக்கும். அழுத்திப் பிடிச்சா, இங்க ஒரு கை இருக்கு, இவ்வளவுதான்னு தெரிஞ்சிரும். கத்திரிய சும்மா தட்டுறீங்கல்ல, ஒவ்வொரு தடவையும் இப்ப வெட்டப் போறீங்கன்னு உடம்பு தயாராகுது. நீங்க வெட்ட மாட்டேங்கிறீங்க. ஒரு வெட்டுக்குப் பத்து பயம். எனக்கு ஆட்டிசம். நாப்பத்திரண்டு வயசுலதான் எனக்கே அந்தப் பேர் தெரிஞ்சுது. அதுவரைக்கும் திமிர் பிடிச்சவன்னுதான் எல்லாரும் சொன்னாங்க."

அந்த எல்லாரில் ஒருவர் கையில் சீப்போடு பின்னால் நின்றுகொண்டிருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. மகளைப் பற்றி, புண்ணைப் பற்றி, திங்கட்கிழமையைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

தராசு சார் ஐயோ பாவம் என்றெல்லாம் சொல்லவில்லை. தராசைச் சோதிக்கிறவர் போல ஒவ்வொன்றாகக் கேட்டார். "அவ தானா தன் தலைய என்ன பண்ணிக்குவா?"

"மெத்தைய இழுத்துத் தலைமேல போட்டுக்குவா. மூச்சு முட்டிருமோன்னு எடுத்துருவோம். அப்புறம் முட்டுவா சார். யார் வயித்துலயாவது தலைய வச்சு முட்டு முட்டுன்னு முட்டுவா. ஸ்கூல்ல இருந்து நாலு தடவ எழுதி அனுப்பிட்டாங்க, முரடா நடந்துக்கிறான்னு."

"முட்டினா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"தள்ளி விடுவேன்."

"எப்படித் தள்ளுவீங்க?"

"வலிக்காமதான் சார். ரெண்டு விரலால, லேசா…"

வாக்கியம் முடியவில்லை. பதினோரு வருடமாக அந்தப் பெண் இவரிடம் வந்து, தன் தலையை இவர் வயிற்றில் வைத்து, அழுத்து அழுத்து என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். இதைவிடத் தெளிவாக ஒரு ஆள் எப்படிக் கேட்பது? பேச்சு வராத பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர் இவர். எத்தனை பொறுமை அவளுக்கு. இன்றைக்குத் தள்ளிவிட்டால் நாளைக்கும் வந்து கேட்டாளே. சலூன்காரர் சீப்பைக் கீழே வைத்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது" என்றார் தராசு சார். "அழுத்தினாலே ஆகாதவங்களும் இருக்காங்க. உங்க பொண்ணு அழுத்தத்தத் தேடுறா, அது நீங்க சொன்னதுலயே தெரியுது. இன்னொண்ணு. எத்தன வெட்டுன்னு முதல்லயே சொல்லுங்க. அஞ்சுன்னா அஞ்சு. ஆறாவது வெட்டு வெட்டினா அப்புறம் நம்ப மாட்டா. நானா இருந்தா நம்ப மாட்டேன்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் தையல்காரி; கேட்டதும் மெஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டாள். "துணியில எனக்குப் புரிஞ்சுதுங்க. கழுத்துல லேபிள் இருந்தா பிச்சு எறிவா. அவ சட்டையெல்லாம் தையல் வெளிப்பக்கம் வர்ற மாதிரிதான் தைக்கிறேன். தோலுக்கு அப்படின்னா தலைக்கும் அப்படித்தானேன்னு ஏன் எனக்குத் தோணாமப் போச்சு?"

"தலையே தொழிலா வச்சிருக்கேன். எனக்கே தோணல. நீ ஏன் வருத்தப்படுற?" என்றார்.

சனிக்கிழமை முழுக்கக் கடையில் பாடம் படித்தார். பாடம் என்றால், முப்பது வருடப் பழக்கத்தை விடுகிற பாடம். கத்திரியைச் சும்மா வைத்திருக்கப் பார்த்தால் விரல் தானாகத் தட்டுகிறது. உள்ளங்கை முழுவதையும் வைத்து அழுத்திப் பழகினால், "என்ன மாஸ்டர், இன்னிக்குக் கை இவ்வளவு கனமா இருக்கு, வீட்ல சண்டையா?" என்று வாடிக்கையாளர்கள் நெளிந்தார்கள். சாயங்காலத்துக்குள் கை வழிக்கு வந்துவிட்டது. கத்திரி மட்டும் வரவில்லை.

மாலையில் கைகால் கழுவிவிட்டு நின்றபோது மகள் வந்தாள். வழக்கம்போலத் தலையைக் குனிந்து அவர் வயிற்றில் முட்டினாள். "கை வைக்கிறேன் பாப்பா" என்று சொன்னார். புண் பக்கம் போகாமல், இரண்டு உள்ளங்கையையும் உச்சியில் வைத்து, அழுத்தினார்.

அலறவில்லை. இன்னும் முட்டினாள். இன்னும் அழுத்தினார். மெல்ல மெல்ல அவள் தோள் இறங்கியது, மூச்சு நீளமாக வந்தது. "தரைத்தளம்" என்றாள் லிஃப்ட் அம்மாளின் குரலில்.

"இத எப்பச் சொல்லுவா?" என்று மனைவியிடம் கேட்டார், அசையாமல்.

"மெத்தைய மேல போட்டுக்கிட்டுப் படுப்பால்ல, அப்பச் சொல்லுவா" என்றாள் அவள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெற்றவர்தான், பதினைந்து வருடம் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தவர்தான். அந்தத் தலையின் கனத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தன் கையில் உணர்ந்தார். பத்து நிமிடம் அப்படியே நின்றார்கள். காலில் எறும்பு கடித்தது, அதைக்கூடத் தட்டிவிடவில்லை.

கத்திரிப் பிரச்சினையை மனைவி தீர்த்தாள். தையல்காரிகளுக்கு ஒரு சட்டம் உண்டு, உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் மாறாது: துணி வெட்டுகிற கத்திரியை வேறு எதற்கும் தரமாட்டார்கள். காகிதம் வெட்டினாலே வீடு ரெண்டுபடும். அந்தக் கத்திரியை உறையிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தாள். "கனமா இருக்கும். உங்களால தட்ட முடியாது. கூர் போனாப் போகட்டும்" என்றாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவர் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டம் நெரிகிற நாள்தான், ஆனாலும் கடையைத் திறக்கவில்லை. ஜன்னல் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டார். மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து கத்திரியைக் காட்டினார். ஒரு துண்டுத் துணியை ஐந்து முறை வெட்டி, எண்ணி, கத்திரியைக் கீழே வைத்தார். "காதுக்குப் பின்னாடி இருக்கற கட்டிய வெட்டணும். இந்த மாதிரி அஞ்சு வெட்டு. அஞ்சோட அப்பா நிறுத்திருவேன்."

"தயவுசெய்து கதவிலிருந்து விலகி நிற்கவும்."

"சரிம்மா" என்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். இருவரும் அடுப்புமேடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அரைமணி நேரம் போனது. எட்டிப் பார்த்தால் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், முதுகைக் காட்டிக்கொண்டு.

பின்னால் போய் நின்றார். "கை வைக்கிறேன்." இடது உள்ளங்கையால் உச்சியை அழுத்திப் பிடித்தார். "ஒண்ணு." கத்திரி கட்டிக்குள் கரகரவென்று இறங்கியது. அவள் அசையவில்லை. "ரெண்டு." "மூணு." நாலில் அவள் விரல்கள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டன. அவர் இன்னும் அழுத்தினார். "அஞ்சு."

கட்டி முழுசாக வரவில்லை. கட்டைவிரல் அகலத்துக்கு ஒட்டிக்கொண்டு தொங்கியது. இன்னும் ஒரே வெட்டு. ஒன்று போதும், மயக்கமும் வேண்டாம், திங்கட்கிழமையும் வேண்டாம். கத்திரி திறந்து அந்த இடத்திலேயே நிற்கிறது. வெட்டாமல் விட்டால் அவள் எழுந்து போய்விடலாம், அப்புறம் உட்காரவே மாட்டாளோ என்னவோ. சலூன்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவர் கத்திரியை எடுத்து ஜன்னல் கட்டையில், சத்தம் கேட்கிற மாதிரி, வைத்தார்.

"அஞ்சு. முடிஞ்சுது."

அவள் எழுந்திருக்கவில்லை. தோள்கள் காதுவரை தூக்கியிருந்தன, கண்கள் இறுக மூடியிருந்தன. என்ன செய்கிறாள் என்று முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஆறாவதுக்காகக் காத்திருக்கிறாள். இத்தனை வருடத்தில் பெரியவர்கள் அவளிடம் சொன்ன ஒவ்வொரு 'முடிஞ்சுது'க்குப் பிறகும் இன்னொன்று வந்திருக்கிறது. இன்னும் ஒரே ஒரு ஊசி, இன்னும் ஒரே ஒரு வாய், இன்னும் ஒரே ஒரு வெட்டு. அதற்குத்தான் உடம்பை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஆறாவது வரவில்லை. தெருவில் ஏதோ வண்டி போனது, குழாயில் தண்ணீர் சொட்டியது, அப்போதும் வரவில்லை. அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். திரும்பி அப்பாவின் கையைப் பார்த்தாள், காலியாக இருந்தது. ஜன்னல் கட்டையைப் பார்த்தாள். கத்திரி அங்கேயே இருந்தது. ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய்க் கத்திரியை எடுத்துவந்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"அஞ்சு" என்றாள்.

அது லிஃப்ட் அம்மாளின் குரல் இல்லை. எந்தக் குரலில் சொன்னாலும் அவள் சொன்னதுதான், அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. ஆனால் இது கொஞ்சம் கரகரப்பாக, அடித்தொண்டையிலிருந்து, யாரிடமும் கடன் வாங்காமல் வந்தது. சலூன்காரர் நின்ற இடத்தில் அப்படியே நின்றார். கோயிலில்கூட அவர் அப்படி நின்றதில்லை.

முதல் வெட்டிலேயே கட்டி தரையில் விழுந்தது. மீதி நாலையும் சொல்லிச் சொல்லி, ஓரத்து முடிக்குச் செலவழித்தார். கட்டி இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, தோல் உரிந்து கிடந்தது. இதை வைத்துக்கொண்டா இத்தனை நாள் இருந்தாய் என்று கேட்க வாய் எடுத்தார். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், இவர்தான் தள்ளிவிட்டார். "அப்பாவ மன்னிச்சிரு பாப்பா" என்றார் வாய்விட்டு. மனைவி டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தை எடுத்துவந்து, "மருந்து வைக்கிறேன்மா, மூணு தடவ" என்று சொல்லி, மூன்று தடவை அழுத்தி வைத்தாள். மூன்றோடு நிறுத்திக்கொண்டாள்.

சலூன்காரர் முடியைக் கூட்டி அள்ளக் குனிந்தபோது மகள் அவர் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள். நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்கார்ந்தார். "கை வைக்கிறேன்" என்றாள். வைத்தாள் பாருங்கள், உடம்பின் மொத்தக் கனத்தையும் உள்ளங்கைக்குக் கொண்டுவந்து. கழுத்து உள்ளே இறங்கியது. அவர் மண்டைக்குள் நாலு நாளாக ஓடிக்கொண்டிருந்த டாக்டர், ஒன்பது மணி, மயக்கம், புண் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கிப்போய், அந்தக் கை ஒன்றுதான் மிச்சம் இருந்தது. இதுவா, இதற்காகவா இவள் அலைந்தாள் என்று நினைத்துக்கொண்டார். வாழ்க்கையில் எத்தனையோ தலைகளைத் தொட்டாயிற்று, ஒரு தலைக்கு உள்ளே இப்படியெல்லாம் இருக்கும் என்று தெரியாமலே. கண்ணில் நீர் தானாக வழிந்தது.

"ஒண்ணு" என்றாள் அவள். கத்திரி அவர் முன்நெற்றி முடியில் இறங்கியது. அவசரமே இல்லாமல் அஞ்சு வரைக்கும் எண்ணினாள். அஞ்சானதும் கத்திரியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தன் அறைக்குப் போய்விட்டாள்.

மனைவி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்றை அடக்கிக்கொண்டாள். ஒரு பக்கம் நெற்றி முடி அப்படியே இருந்தது, மறுபக்கம் அடியோடு காணோம். "நாளைக்குக் கடையத் திறக்கணுமேங்க. இந்தப் பக்கத்தையும் கொஞ்சம் சரி பண்ணிரட்டுமா?"

"வேண்டாம்" என்றார் சலூன்காரர். "அவ அஞ்சுதான்னு சொன்னா."